குடும்ப வரலாற்றில் ஊர்ப்பெயர்களைப் பதிவு செய்யும் முறை: சேலம், சேர்வராயன் மலைக் குடும்பங்களுக்கான கேள்வி பதில்

சேலம் மாவட்டத்தையும் சேர்வராயன் மலையையும் பூர்வீகமாகக் கொண்டவர்கள் தங்கள் வம்சாவளியைத் தொகுக்க உட்காரும்போது, ஆட்பெயர்களைவிட ஊர்ப்பெயர்களில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். மாவட்டங்கள் பிரிந்திருக்கின்றன, நகராட்சிகள் இணைந்திருக்கின்றன, சில ஊர்கள் நீருக்குள் போயிருக்கின்றன, ஒரே பெயரை நான்கைந்து ஊர்கள் வைத்திருக்கின்றன. அடிக்கடி எழும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன.

ஆட்பெயரும் தேதியும் சரியாக இருந்தால் போதாதா? ஊர்ப்பெயரை ஒரே சீராக எழுதுவது அவ்வளவு அவசியமா?

அவசியம்தான். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், மூன்று தலைமுறைக்குள் ஒரே குடும்பத்தில் இரண்டு ராமசாமிகளும் மூன்று பழனியம்மாள்களும் வந்துவிடுகிறார்கள். முந்தைய தலைமுறையினருக்குப் பிறந்த தேதி தெரிந்திருப்பது அபூர்வம். பஞ்சத்துக்கு முந்திய வருஷம், அணை கட்டின காலம் என்பதுபோல்தான் சொல்வார்கள். பெயரும் தேதியும் இப்படி இருக்கும்போது, இந்த ராமசாமியையும் அந்த ராமசாமியையும் பிரித்துக் காட்ட எஞ்சியிருப்பது ஊர் ஒன்றே.

அந்த ஊரும் தெளிவில்லாமல் எழுதப்பட்டால் எல்லாம் குழம்பிவிடும். வேலூர் என்று மட்டும் எழுதி வைத்தால், அது கோட்டை இருக்கும் வேலூர் மாநகரமா, காவிரிக் கரையில் உள்ள பரமத்தி வேலூரா, ஏற்காடு வட்டத்து மலைக் கிராமமான வேலூரா என்பது எழுதியவருக்குத் தெரியும். அவருடைய பேத்திக்குத் தெரியாது. ஆத்தூர் சேலத்திலும் உண்டு, திண்டுக்கல் மாவட்டத்திலும் உண்டு, தூத்துக்குடி மாவட்டத்திலும் உண்டு. திருப்பத்தூர் ஒன்று ஒரு காலத்தில் சேலம் ஜில்லாவிலேயே இருந்தது, மற்றொன்று சிவகங்கைப் பக்கம் இருக்கிறது. நல்லூர்களையும் புதூர்களையும் எண்ணி முடியாது. சேலம் என்ற பெயரைக்கூடத் தனியாக விட முடியாது. இணையத்தில் உள்ள வம்சாவளித் தரவுத்தளங்கள் அதை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத் தலைநகராகவோ மாசசூசெட்ஸ் மாநில ஊராகவோ எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

அப்படியானால் அடிப்படை முறை என்ன?

ஒவ்வோர் ஊரையும் இரண்டு வடிவங்களில் எழுத வேண்டும். முதலாவது மூலப் பெயர், அதாவது ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ, பெரியவர் எப்படிச் சொன்னாரோ, எழுத்துப் பிழை உட்பட அப்படியே எழுதுவது. இரண்டாவது பட்டியல் பெயர், அதாவது அந்த ஊர் இதுதான் என்று நாம் முடிவு செய்து, நம் தொகுப்பு முழுவதும் மாறாமல் பயன்படுத்தும் பெயர். இந்த இரண்டில் ஒன்றை மற்றொன்றால் அழித்துவிடக் கூடாது என்பதே இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வலியுறுத்துவது. மூலப் பெயரைத் திருத்தி எழுதினால் சான்று போய்விடும். பட்டியல் பெயர் இல்லாவிட்டால் ஒரே ஊர் ஏழு ஊர்களாகத் தெரியும்.

பட்டியல் பெயரைச் சிறியதிலிருந்து பெரியதாக, காற்புள்ளி இட்டு எழுதுவது உலகெங்கும் குடும்ப வரலாற்றாளர்களிடையே உள்ள வழக்கம்: குக்கிராமம், வருவாய் கிராமம், வட்டம், மாவட்டம், மாநிலம், நாடு. நம் பழைய பத்திரங்கள் இதை நேர் தலைகீழாக, பெரியதிலிருந்து சிறியதாக எழுதும். எடுத்துக்காட்டாக ஒரு பழைய கிரயப் பத்திரம் “சேலம் ஜில்லா ஓமலூர் தாலுக்கா தாரமங்கலம் கஸ்பாவில் குடியிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்” என்று தொடங்குமானால், அந்தத் தொடரை மூலப் பெயர்க் கட்டத்தில் ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதிவிட்டு, பட்டியல் பெயர்க் கட்டத்தில் “தாரமங்கலம், ஓமலூர் வட்டம், சேலம் மாவட்டம்” என்று எழுத வேண்டும். கஸ்பா என்றால் தலைக்கிராமம், மஜரா என்றால் அதைச் சார்ந்த சிற்றூர். பத்திரத்தில் மஜரா பெயர் வந்தால் அதை விடாமல் எழுதுங்கள். குடும்பம் உண்மையில் வாழ்ந்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

சேலம் பத்திரங்களில் மிட்டா என்ற சொல்லும் வரும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலையான நிலவரி ஏற்பாட்டின்போது இந்த மாவட்டத்தில் பல கிராமங்கள் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு மிட்டாதாரர்களிடம் விடப்பட்டன. 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் அவை மறைந்தன. மிட்டா என்பது வரி வசூலுக்கான பிரிவு, தாலுக்காவைப் போன்ற நிர்வாகப் பிரிவு அன்று. எனவே மிட்டாவின் பெயரைக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், பட்டியல் பெயரின் படிகளுக்குள் நுழைக்க வேண்டாம்.

நிகழ்வு நடந்தபோது இருந்த மாவட்டத்தை எழுதுவதா, இன்று இருக்கும் மாவட்டத்தை எழுதுவதா?

நிகழ்வு நடந்த நாளில் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்ததோ அதை எழுதி, இன்றைய மாவட்டத்தைக் குறிப்பில் சேர்க்க வேண்டும். சேலத்தைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான விதி வேறில்லை, ஏனென்றால் பழைய சேலம் ஜில்லா இன்று பல மாவட்டங்களாகக் கிடக்கிறது.

ராஜாஜி 1878-இல் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தார். அப்போது அது சேலம் ஜில்லா. 1965 அக்டோபர் 2-ஆம் நாள் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதனுடன் சென்றன. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. இன்றைய வரைபடத்தைப் பார்த்து “தொரப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம், 1878” என்று எழுதினால், 1878-இல் இல்லாத ஒரு மாவட்டத்தில் அவர் பிறந்ததாக ஆகிவிடும். அந்தக் காலத்து ஆவணங்களைத் தேடிப் போகிறவரும் கிருஷ்ணகிரி என்ற தலைப்பில் தேடி வெறுங்கையுடன் திரும்புவார். அவை சேலம் ஜில்லாவின் பெயரில்தான் கட்டி வைக்கப்பட்டிருக்கும்.

நாமக்கல் வட்டத்தின் கதை இன்னும் சிக்கலானது. அது 1910-இல் சேலத்திலிருந்து எடுக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவுடன் சேர்க்கப்பட்டது. 1929-இல் மீண்டும் சேலத்துக்கு வந்தது. 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டம். ராசிபுரமும் திருச்செங்கோடும் பரமத்தி வேலூரும் அதில் அடங்கின. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1888-இல் மோகனூரில் பிறந்தார். அப்போது அது சேலம் ஜில்லா. அதே மோகனூரில் 1915-இல் ஒரு குழந்தை பிறந்திருந்தால் அதன் பதிவு திருச்சி ஜில்லாவுக்குரியது, 1935-இல் பிறந்திருந்தால் மறுபடியும் சேலம். அண்ணன் திருச்சி ஜில்லா, தம்பி சேலம் ஜில்லா என்று வந்தால் குடும்பம் இடம்பெயர்ந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எல்லைதான் நகர்ந்திருக்கும்.

திருப்பத்தூர் வட்டம் 1911 வரை சேலம் ஜில்லாவில் இருந்து, பின்னர் வட ஆற்காட்டுக்குச் சென்றது. அதன்பின் வேலூர் மாவட்டத்தில் இருந்து, 2019-இல் தனி மாவட்டமாயிற்று. கொடுமுடி, ஈரோடு, பவானி என்று மேற்கே போனால் அவை பழைய கோயமுத்தூர் ஜில்லாவுக்கு உரியவை. பேச்சு வழக்கில் எல்லாரும் கொங்கு என்று சொல்வதால் அவற்றைச் சேலத்தில் சேர்த்துவிடக் கூடாது.

இந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்து எழுதினால் ஒரு நாளில்லாவிட்டால் ஒரு நாள் தவறும்.

மாநிலத்தின் பெயர்?

1950 ஜனவரி 26-க்கு முன் சென்னை மாகாணம், அதன்பின் சென்னை மாநிலம், 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. மாவட்டத்துக்குச் சொன்ன விதியே இதற்கும் பொருந்தும். இடம் போதாத அட்டவணையில் மாநிலத்தை விட்டுவிட்டாலும் கேடில்லை, மாவட்டத்தை மட்டும் விடக் கூடாது.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா? எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறுகிறதே?

பட்டியல் பெயரைத் தமிழில் எழுதுங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஆத்தூரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் இரண்டு ‘டி’ இடுகிறார், ஒருவர் ‘டிஎச்’ இடுகிறார், பழைய ஆவணத்தில் இறுதியில் இரண்டு ‘ஓ’ வருகிறது. தமிழில் அது ஆத்தூர்தான். வெளிநாட்டில் பிறந்து தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக ஆங்கில வடிவம் ஒன்றும் தேவைப்படும். அதைத் தனிக் கட்டத்தில், ஒரே ஓர் எழுத்துக்கூட்டலைத் தேர்ந்துகொண்டு, கடைசி வரை அதையே எழுதுங்கள். 2020-இல் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்பை ஒட்டி மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே அந்தப் பட்டியலைப் பார்த்து எழுதியவர்கள் நடைமுறையில் இல்லாத வடிவங்களைக் கையாண்டுகொண்டிருக்கக்கூடும்; ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தமிழிலும் வேறுபாடுகள் இருக்கின்றன என்பது உண்மை. எடப்பாடி, இடைப்பாடி, கெங்கவல்லி, கங்கவல்லி, அஸ்தம்பட்டி, ஹஸ்தம்பட்டி, ஊத்தங்கரை, ஊற்றங்கரை. சங்ககிரி பழைய தாள்களில் சங்ககிரி துர்க்கம் என்று நீண்டும், சங்கரி என்று குறுகியும் வரும். இலக்கணப்படி எது சரி என்ற வாதத்தில் இறங்க வேண்டாம். வருவாய்த் துறையின் பட்டாவில் இன்று எப்படி அச்சாகிறதோ அதைப் பட்டியல் பெயராக எடுத்துக்கொண்டு, மற்ற வடிவங்களை எல்லாம் அந்த ஊரின் குறிப்பில் ‘வேறு பெயர்கள்’ என்று எழுதி வைத்தால், பின்னால் தேடுகிறவர் எந்த வடிவத்தில் தேடினாலும் ஊர் அகப்படும்.

பிறந்த ஊர், சொந்த ஊர், குலதெய்வம் இருக்கும் ஊர் மூன்றும் வேறு வேறாக வருகின்றன. எதை எழுதுவது?

மூன்றையும் எழுத வேண்டும், ஆனால் மூன்று இடங்களில். நம் மக்களிடம் “எந்த ஊர்?” என்று கேட்டால் சொந்த ஊரைத்தான் சொல்வார்கள். அது அப்பாவின் ஊர், பெரும்பாலும் அப்பாரின் (அப்பாவின் அப்பா) ஊர். ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கமாதலால் அந்த மனிதர் பிறந்தது அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டில், வேறு தாலுக்காவில், சில வேளை வேறு ஜில்லாவில். பிறப்புப் பதிவேடு பிறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் எழுதப்படும். மல்லூர்க்காரர் ஒருவரின் பிறப்புப் பதிவு மல்லூரில் இல்லையென்றால் அது தொலைந்துவிட்டது என்று எண்ணுவதற்கு முன், அவருடைய அம்மா பிறந்த ஊரின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். மருத்துவமனைப் பிரசவங்கள் பெருகிய பிறகு இது வேறு வடிவம் எடுத்தது. ஏற்காட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் கீழே சேலத்தில் பிறந்து சேலத்திலேயே பதிவாகியிருக்கிறார்கள். அவர்கள் ஒருநாளும் சேலத்தில் குடியிருந்ததில்லை.

எனவே ‘பிறந்த இடம்’ என்ற கட்டத்தில் பிறப்பு நிகழ்ந்த ஊர் மட்டும் வர வேண்டும். சொந்த ஊரைக் ‘குடியிருப்பு’ அல்லது ‘பூர்வீகம்’ என்ற கட்டத்தில் எழுதுங்கள். குலதெய்வக் கோயில் இருக்கும் ஊர் தனி. அது எத்தனையோ தலைமுறைக்கு முன் குடும்பம் இருந்த இடத்தைக் காட்டக்கூடிய மதிப்புமிக்க தடயம், ஆனால் தடயம் மட்டுமே. குலதெய்வம் அங்கே இருப்பதால் முப்பாட்டனாரும் அங்கேதான் பிறந்தார் என்று எழுதிவிடுவதை நான் பல குடும்பத் தொகுப்புகளில் பார்க்கிறேன். அதற்கு ஆதாரம் கிடைக்கும் வரை அந்தக் கட்டம் காலியாக இருப்பதே மரியாதை.

பெயருக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்தும் இதே போலத்தான். இரண்டு தலைப்பெழுத்து உள்ளவர்களில் பலருக்கு முதல் எழுத்து ஊரைக் குறிக்கும், ‘சே’ என்றால் சேலம் என்பதுபோல். அது பிறந்த ஊராகவும் இருக்கலாம், நாலு தலைமுறைக்கு முன் விட்டு வந்த ஊராகவும் இருக்கலாம்.

எங்கள் பாட்டனார் ஊர் ‘காட்டுவளவு’ என்கிறார்கள். வரைபடத்தில் அந்தப் பெயரே இல்லை.

வளவு, கொட்டாய், காடு, கரடு, பட்டறை என்று முடியும் பெயர்கள் நம் பகுதிக்கே உரிய குடியிருப்புப் பெயர்கள். தோட்டத்துக்கு நடுவே நாலைந்து வீடுகள் சேர்ந்து உருவாகி, முதலில் குடியேறியவரின் பெயராலோ பக்கத்தில் இருந்த குன்றாலோ அழைக்கப்பட்டவை. கிராமக் கணக்கில் அவற்றுக்குத் தனி இடமில்லாததால் வரைபடத்தில் வராமல் போயிருக்கும். காட்டுவளவு என்ற பெயரில் இந்த மாவட்டத்தில் பல குடியிருப்புகள் இருப்பதால், அது எந்த வருவாய் கிராமத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்தால்தான் பயன்படும்.

நிலம் இருந்த குடும்பமென்றால் பட்டாவும் சிட்டாவும் கிராமத்தைச் சொல்லிவிடும். நிலமில்லாத குடும்பமென்றால் ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவை உதவும். 1980-இல் கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியக்காரர் (கிராமத் தலைவர்) பதவிகள் ஒழிக்கப்படும் முன் அந்தப் பொறுப்பில் இருந்த குடும்பத்துப் பெரியவர்கள் இன்னும் ஊரில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். எந்த வளவு எந்தக் கிராமக் கணக்கில் வரும் என்பதை அவர்கள் அளவுக்குச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. கிராமம் தெரிந்தபின், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் கிராமத்துக்கு வழங்கப்பட்ட ஆறு இலக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் வேறாக இருக்கும்.

சேர்வராயன் மலை ஊர்களை எழுதும்போது தனியாகக் கவனிக்க வேண்டியவை என்ன?

இரண்டு முக்கியமானவை, நாடும் எஸ்டேட்டும்.

மலையில் பூர்வகுடிகளான மலையாளி மக்கள் தங்கள் ஊர்களைச் சேலநாடு, மோகநாடு, முத்துநாடு என்று மூன்று நாடுகளாகப் பகுத்து வாழ்ந்தவர்கள். கல்யாணம், கோயில் காரியம், பஞ்சாயத்து எல்லாம் நாட்டை ஒட்டியே நடந்தன. ஆகவே பெரியவர் ஒருவர் தம் ஊரைச் சொல்லும்போது நாட்டின் பெயரையும் சொன்னால் அதைத் தவறாமல் எழுதுங்கள். பெண் எடுத்த இடம், கொடுத்த இடம் எதுவென்று பின்னால் விளங்குவதற்கு அது பெரிதும் உதவும். ஆனால் பட்டியல் பெயரில் நாடு ஒரு படியாக வர வேண்டாம். அங்கே வருவாய் கிராமமும் ஏற்காடு வட்டமும் மட்டும் இருக்கட்டும். இன்னொன்று: ஆவணத்தில் இனம் என்ற இடத்தில் ‘மலையாளி’ என்று இருப்பதைக் கண்டு பூர்வீகம் கேரளம் என்று எழுதிவிடக் கூடாது. அது இந்த மலைமக்களின் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழியில் வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபு வழக்கு. அதையும் மரபு வழக்கு என்றே குறித்து வையுங்கள்.

அடுத்தது எஸ்டேட். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலையில் காப்பிப் பயிர் புகுந்தது. அதைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகின. தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களுக்கு ஊர் என்பது எஸ்டேட்தான். பிறப்பும் இறப்பும் திருமணமும் எஸ்டேட்டின் பெயரிலேயே நினைவில் இருக்கும். எஸ்டேட் கைமாறும்போது பெயரும் மாறுவதுண்டு. ஆவணத்தில் துரை வைத்த ஆங்கிலப் பெயர், வேலைக்காரர்கள் வாயில் வேறொரு பெயர் என்று இரண்டு இருப்பதும் உண்டு. எஸ்டேட்டைக் குக்கிராமத்தின் இடத்தில் வைத்து, அது அமைந்துள்ள வருவாய் கிராமத்தை அடுத்து எழுதுவதே சீரான முறை: இன்ன எஸ்டேட், நாகலூர், ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம். எஸ்டேட்டின் பழைய பெயர், புதிய பெயர், மக்கள் வழங்கும் பெயர் மூன்றையும் ஆண்டுகளோடு ஒரே குறிப்பில் சேர்த்து வைத்தால், தாத்தா மூன்று எஸ்டேட்டுகளில் வேலை செய்தாரா, ஒரே எஸ்டேட்டின் மூன்று பெயர்களா என்ற குழப்பம் தீரும்.

ஏற்காடு என்ற பெயர் மலை முழுவதற்கும், வட்டத்துக்கும், ஏரியைச் சுற்றியுள்ள ஊருக்கும் வழங்குகிறது. கீழே இருப்பவர்களிடம் “ஏற்காட்டுக்காரர்” என்றால் அவர் வாழவந்தியைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம், மஞ்சக்குட்டையோ கொட்டச்சேடோ செம்மநத்தமோ ஆகவும் இருக்கலாம். ஏற்காடு என்று மட்டும் கிடைத்தால் ‘ஏற்காடு வட்டம்’ என்று எழுதி நிறுத்துங்கள், ஏற்காடு ஊர் என்று சுருக்கிவிடாதீர்கள்.

சேலம் நகரத்துக்குள் இருக்கும் பகுதிகளை எப்படி எழுதுவது?

பகுதியின் பெயரை விடாமல் எழுத வேண்டும். செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, கிச்சிப்பாளையம், கோட்டை என்று எழுதினால்தான் பின்னால் கோயில் வரி ரசீதும் பள்ளிப் பதிவும் பொருந்தி வரும். சேலம் நகராட்சி 1866-இல் ஏற்பட்டது. 1994-இல் மாநகராட்சி ஆனபோது தனி நகராட்சியாக இருந்த சூரமங்கலமும் சுற்றியிருந்த பல ஊர்களும் அதில் சேர்ந்தன. ஆகவே 1950-இல் சூரமங்கலத்தில் பிறந்தவரைச் “சூரமங்கலம், சேலம் வட்டம்” என்று எழுத வேண்டும், “சூரமங்கலம், சேலம் மாநகராட்சி” என்று அல்ல. ஜங்ஷன் பக்கம் என்று பெரியவர்கள் சொல்வது அந்தச் சூரமங்கலம்தான்.

பத்திரத்தில் ஒரு மாவட்டம், அஞ்சல் முகவரியில் வேறு ஊர் என்று வருகிறதே?

பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் வேறு. சேலம் கிழக்கு, சேலம் மேற்கு என்று பத்திரங்களில் வருவன பதிவுத் துறையின் பிரிவுகள். அந்தப் பெயர்களில் வருவாய் மாவட்டம் ஏதுமில்லை. அதேபோல் சார் பதிவாளர் அலுவலகம் இருக்கும் ஊர், பத்திரம் பதிவான இடமே தவிர குடும்பம் வாழ்ந்த இடம் ஆகாது. அஞ்சல் முகவரியில் வரும் “(வழி)” என்பது தபால் பை போகும் ஊர். பின்கோடு 1972-இல்தான் வந்தது. அதை வைத்து மாவட்டத்தைக் கணிக்க முடியாது. 636 என்று தொடங்கும் எண் சேலத்துக்கும் உண்டு, தருமபுரிக்கும் உண்டு.

தேவாலயப் பதிவேடுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கத்தோலிக்கச் சேலம் மறைமாவட்டம் 1930-இல் அமைந்தது. அதற்கு முந்தைய ஞானஸ்நானப் பதிவுகள் புதுச்சேரி, மைசூர், கும்பகோணம் மறைமாவட்டங்களின் கீழ் வந்த பங்குகளுக்குரியவை. பதிவேட்டின் தலைப்பில் அந்தப் பெயர்கள் இருப்பதால் குடும்பம் அங்கிருந்து வந்ததாகக் கொள்ளக் கூடாது.

எங்கள் ஊர் மேட்டூர் அணையில் மூழ்கிவிட்டது. இல்லாத ஊரை எப்படிப் பதிவது?

இருந்த ஊராகவே பதிய வேண்டும். அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அதற்கு முன் அங்கே பிறந்தவர்களுக்கு அந்த ஊர் முழுமையாக இருந்தது. பண்ணவாடியில் நீர் வற்றும் ஆண்டுகளில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதை நம் பக்கத்தார் அறிவார்கள். இன்றும் கரையில் பண்ணவாடி என்ற பெயர் வழங்குகிறது, ஆனால் 1920-இல் ஒருவர் பிறந்த பண்ணவாடி நீருக்குள் இருப்பது. இப்படிப்பட்ட ஊர்களுக்குப் பட்டியலில் இரண்டு தனிப் பதிவுகள் வேண்டும்: ‘பழைய பண்ணவாடி (1934-க்கு முன்)’ என்று ஒன்று, இன்றைய பண்ணவாடி என்று மற்றொன்று. அட்சரேகை, தீர்க்கரேகை குறிக்கும்போது பழைய ஊரின் புள்ளி நீர்ப்பரப்பில் விழுவதே சரி. அதைப் பிழை என்று எண்ணி யாரும் கரைக்கு நகர்த்திவிடாமல் இருக்க ஒரு வரி விளக்கம் எழுதி வையுங்கள்.

இலங்கை, தென்னாப்பிரிக்கா, மலேயா ஆவணங்களில் வரும் சேலம் ஊர்களை எப்படி அடையாளம் காண்பது?

இந்தக் கேள்வியை அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் நாலைந்து தலைமுறைக்கு முன் கடல் கடந்தவர்களின் சந்ததியினர். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு ஊர்ப்பெயர் என்பதால் இதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து, இன்று தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலில் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கியது முதல், 1911 வரை சென்ற கப்பல்களின் பட்டியல்களில் ஜில்லா, தாலுக்கா, கிராமம் என்று கட்டங்கள் இருக்கின்றன. எழுதியவர் தமிழ் தெரியாத எழுத்தராகவும், சொன்னவர் எழுதப் படிக்கத் தெரியாதவராகவும் இருந்ததால் கிராமத்தின் பெயர் காதில் விழுந்தபடி இருக்கும்.

முதலில் தாலுக்காவைப் பிடியுங்கள். அது பெரிய ஊரின் பெயராதலால் ஓரளவு சரியாக இருக்கும். திருச்செங்கோடு என்று புரிந்தால், ஜில்லா சேலம் என்று இருந்தாலும் இன்று தேட வேண்டியது நாமக்கல் மாவட்டத்தில். பிறகு அந்தத் தாலுக்காவின் கிராமப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஆவணத்தில் உள்ள ஆங்கில எழுத்துகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ‘பட்டி’, ‘பாடி’ மாறி வரும். ‘பாளையம்’ பாதியில் நிற்கும். ‘சின்ன’, ‘பெரிய’ என்ற முன்னொட்டு உதிர்ந்திருக்கும். பொருந்தக்கூடிய கிராமங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் குறிப்பில் எழுதி, பட்டியல் பெயரைத் தாலுக்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1964-ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் தாள்களில் உள்ள ஊர், பல வேளைகளில் அவர்கள் ஒருநாளும் பார்த்திராத பாட்டனாரின் ஊர். அதைப் பிறந்த இடமாக எழுதுவது தவறு. பிறந்த இடம் தோட்டத்தின் பெயரோடு இலங்கையில் இருக்கும்.

பழைய ஆவணத்தில் தெருவின் பெயரிலோ குடியிருப்பின் பெயரிலோ சாதிப் பெயர் இருக்கிறது. அப்படியே எழுதலாமா?

மூலப் பெயர்க் கட்டத்தில் ஆவணத்தில் உள்ளபடி எழுதுங்கள், ஏனென்றால் அது சான்று. பட்டியல் பெயரில் இன்று வழங்கும் பெயரை மட்டும் எழுதுங்கள். உறவினர்களுக்கு அனுப்பும் படிகளிலும் வரைபடங்களிலும் பட்டியல் பெயர் மட்டுமே தெரிந்தால் போதும். இழிவாக ஒலிக்கும் ஒரு பெயரை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் முகத்தில் எறிவதற்கு நம் ஆராய்ச்சி காரணமாகக் கூடாது.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது? அவர்கள் சொல்வதை எப்படி எழுதுவது?

“நீங்க பொறந்த ஊரு எதுங்க அம்மாயி?” என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். “தண்ணிக்கு எங்க போவீங்க, சந்தைக்கு எங்க போவீங்க, பஸ் ஏற எவ்வளவு தூரம் நடப்பீங்க?” என்று கேட்டால் ஊர் இருக்கும் இடமே தெரிந்துவிடும். கரட்டுக்கு அந்தப் பக்கம், ஏரி வாய்க்காலை ஒட்டி, பனமரத்துப்பட்டிக்குப் போகிற வழியில் என்று அவர் சொல்வதை, சொன்னவர் பெயரோடும் கேட்ட தேதியோடும் மூலப் பெயர்க் கட்டத்தில் எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது வேறு விதமாகச் சொன்னால் பழையதை அடிக்காமல் புதியதைக் கீழே எழுதுங்கள்.

வீட்டில் பழைய மொய் நோட்டு இருந்தால் அதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஊர்ப்பெயர்களுக்கு அதைவிட நல்ல குடும்ப ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை. மொய் எழுதுகிறவர் முதலில் ஊரையும் பிறகு பேரையும் எழுதுவார்: வீராணம் இன்னார், நாழிக்கல்பட்டி இன்னார், தம்மம்பட்டி இன்னார் என்று பக்கம் பக்கமாக. ஒரே பெயருள்ளவர்களை ஊரால் பிரித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கும் இருந்தது. திருமணம் நடந்த தேதியும் மேலே இருக்கும் என்பதால், அந்த நாளில் உறவுகள் எந்தெந்த ஊர்களில் இருந்தார்கள் என்பது ஒரே இடத்தில் கிடைக்கிறது. பென்சில் எழுத்து மங்குவதற்குள் ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது?

எதுவாகவும் இருக்கட்டும், மூலப் பெயருக்கும் பட்டியல் பெயருக்கும் தனித்தனி இடம் இருந்தால் போதும். இலவசமாகக் கிடைக்கும் கிராம்ப்ஸ் மென்பொருளில் ஓர் ஊருக்குப் பல பெயர்கள் வைக்கலாம், அது எந்த ஆண்டு வரை எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதையும் தேதியோடு இணைக்கலாம். நாமக்கல் போன்ற ஊர்களுக்கு இது மிகவும் பொருந்தும். விரிதாளில் எழுதுகிறவர்கள் ஊர்களுக்கென்று ஒரு தனித் தாள் வைத்து, ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண் கொடுத்து, ஆட்களின் தாளில் அந்த எண்ணை மட்டும் இட்டு வந்தால், பட்டியல் பெயரை மாற்ற நேரும்போது ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

எவ்வளவு தேடியும் ஊர் எதுவென்று உறுதியாகவில்லை என்றால்?

உறுதியாகத் தெரிந்த படி வரை எழுதி நிறுத்துங்கள். ஓமலூர் வட்டம் என்பது மட்டும் உறுதியென்றால் பட்டியல் பெயர் “ஓமலூர் வட்டம், சேலம் மாவட்டம்” என்பதுதான். ஊகம் ஒன்று இருந்தால் அதற்கான காரணத்தோடு குறிப்பில் எழுதுங்கள்: ‘தாரமங்கலமாக இருக்கலாம், ஏனென்றால் அவருடைய தங்கையை அங்கே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்’ என்பதுபோல். காரணம் இல்லாத கேள்விக்குறி பத்து ஆண்டு கழித்துப் படிக்கிறவருக்கு எந்த வழியும் காட்டாது. காரணம் எழுதப்பட்டிருந்தால் அவர் நேரே தாரமங்கலம் கிராமக் கணக்கிலிருந்து தேடத் தொடங்கலாம்.